திரும்பி வந்தது அம்மாவா, அப்பாவா?

"தம்பி அண்ணனைப் பார்த்தான், திரும்பினான்." இதைக் கேட்டால் திரும்பியது தம்பி என்றுதான் நாம் எடுத்துக்கொள்வோம். 'ஆன்' விகுதி இருவருக்கும் பொருந்துகிறது. இருந்தும் சந்தேகம் வருவதில்லை. முதல் வினையைச் செய்தவரே அடுத்த வினைக்கும் உரியவர் என்று தமிழ்க் காது தானாகவே முடிவு செய்துவிடுகிறது.

ஆஸ்திரேலியாவின் வடக்கு குயின்ஸ்லாந்து மழைக்காட்டில் பேசப்பட்ட ஜிர்பல் மொழியில் இந்த முடிவு தலைகீழ். ஆர். எம். டபிள்யூ. டிக்சன் 1963இல் தொடங்கிய களப்பணியும் 1972இல் வெளியிட்ட இலக்கணமும் இந்த மொழியை மொழியியல் உலகுக்குக் காட்டின. நம் எழுத்தில் ங, ஞ இரண்டும் மொழிமுதலில் வர இடமிருப்பதால் எடுத்துக்காட்டுகளை அப்படியே எழுதலாம். ஙும என்றால் அப்பா, யபு என்றால் அம்மா, பனகஞு என்றால் திரும்பி வருதல், புரன் என்றால் பார்த்தல். பெயருக்கு முன்னால் வரும் சிறு சொற்களை எளிமைக்காக விட்டுவிடுகிறேன்.

ஙும பனகஞு: அப்பா திரும்பி வந்தார்.
யபு பனகஞு: அம்மா திரும்பி வந்தாள்.
ஙும யபுங்கு புரன்: அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

மூன்றாவது வாக்கியத்தில் பார்த்தவள் அம்மா. உருபு ஏற்றிருப்பவளும் அவளே ('ங்கு'). பார்க்கப்பட்ட அப்பா, திரும்பி வந்த அப்பாவைப் போலவே, வெறும் பெயராக நிற்கிறார். இப்போது இதோடு இன்னொரு வினையைச் சேர்ப்போம்: "ஙும யபுங்கு புரன் பனகஞு." திரும்பி வந்தது அப்பா! உருபில்லாத பெயர் எதுவோ அதுதான் இரண்டாம் வினைக்குக் கைமாறும். செய்தவர் யார் என்ற கேள்வியை அந்த இணைப்பு கண்டுகொள்வதே இல்லை.

சரி, "அப்பா திரும்பி வந்து அம்மாவைப் பார்த்தார்" என்று ஜிர்பலில் எப்படிச் சொல்வது? நேராகச் சொல்ல வழியில்லை. 'பார்' வினையில் 'ங' என்ற ஒட்டைச் செருகி, பார்த்தவரை உருபில்லாத இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். பார்க்கப்பட்டவர் 'கு' உருபு ஏற்று ஒதுங்கிக்கொள்வார். "ஙும பனகஞு புரல்ஙஞு யபுகு." (அந்தக் 'கு' நம் நான்காம் வேற்றுமையைப் போலவே ஒலிப்பது கண்ணில் படும். ஓர் உருபின் ஒலி ஒப்புமையை மட்டும் வைத்து மொழி உறவு பேசக் கூடாது.)

இதில் இன்னொரு மடிப்பும் இருக்கிறது. நான், நீ போன்ற சொற்களில் ஜிர்பல் நம்மைப் போலவே நடக்கும். "ஙன பனகஞு" என்றால் நாங்கள் திரும்பினோம். "ஞுர ஙனன புரன்" என்றால் நீங்கள் எங்களைப் பார்த்தீர்கள். இங்கே செய்தவருக்கு உருபில்லை, பார்க்கப்பட்டவருக்குத்தான் 'ன' உருபு, நம் 'ஐ' மாதிரி. ஆனால் "ஞுர ஙனன புரன் பனகஞு" என்று தொடர்ந்தால் திரும்பியவர்கள் யார்? பார்க்கப்பட்ட 'நாங்கள்'தான். உருபு ஒரு பக்கம் போகிறது, வாக்கிய இணைப்பு இன்னொரு பக்கம் போகிறது. மொழிகளை ஒப்பிடுவோர் முதலில் மனத்தில் பதிக்க வேண்டியது இதைத்தான். உருபு என்ன சொல்கிறது என்பது ஒரு கேள்வி. அந்தப் பெயர் வாக்கியத்தில் என்னென்ன வேலை செய்கிறது என்பது வேறு கேள்வி. இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

'எழுவாய்' என்ற ஒரே சொல்லில் நாம் இவை எல்லாவற்றையும் கட்டிவைத்திருக்கிறோம். நம் மரபு இலக்கணம் அப்படிக் கட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நன்னூலில் எழுவாய் என்பது முதல் வேற்றுமையின் பெயர், அதாவது உருபு ஏற்றுத் திரியாத பெயர். செய்பவர் கருத்தா. அந்தக் கருத்தா மூன்றாம் வேற்றுமையிலும் வரலாம் என்று அதே நூல் சொல்கிறது. 'எழுவாய் என்றால் செய்பவர்' என்று சுருக்கிச் சொல்லிக்கொடுப்பது பின்னால் வந்த பழக்கம். அந்தச் சுருக்கம்தான் மற்ற மொழிகளைப் பார்க்கும்போது காலை வாரிவிடுகிறது.

புதிதாக ஒரு மொழியைக் கையில் எடுத்தால் மூன்று இடங்களைப் பிரித்துக்கொள்வது நல்லது. செயப்படுபொருள் குன்றிய வினையில் (வா, தூங்கு, விழு) வரும் ஒற்றை ஆளைத் தனியர் என்போம். குன்றா வினையில் (அடி, உடை, வெட்டு) இருவர்: செய்பவர், படுபவர். தனியரை யாரோடு சேர்த்து ஒரே மாதிரி நடத்துகிறது என்று ஒவ்வொரு மொழியிடமும் கேட்க வேண்டும். தமிழ் செய்பவரோடு சேர்க்கிறது. படுபவரோடு சேர்க்கும் மொழிகளை எர்கேட்டிவ் மொழிகள் என்பார்கள். பெயர்ச்சொல் உருபை மட்டும் வைத்து மொழியியலாளர் பெர்னார்ட் காம்ரி 190 மொழிகளைத் தொகுத்தபோது, 98 மொழிகளில் மூன்று இடத்துக்கும் உருபு வேறுபாடே இல்லை, தமிழைப் போலப் படுபவருக்கு மட்டும் தனி உருபு தருபவை 46, எர்கேட்டிவ் 32. அரிதான வினோதம் என்று ஒதுக்கிவிடக் கூடிய எண்ணிக்கை அல்ல இது.

வாக்கியம் சேகரிக்கும்போது எங்கே தவறுகிறது என்பதைப் பார்ப்போம். படுபவராக மனிதரை வைக்காமல் பொருளை வைப்பது முதல் தவறு. தமிழையே எடுத்துக்கொள்ளுங்கள். "பால் குடித்தான்", "மரம் வெட்டினான்" என்ற இரண்டை மட்டும் கேட்டுவிட்டு ஒருவர் போனால், தமிழில் படுபவருக்கு உருபே இல்லை என்று எழுதிவிடுவார். "பாலைக் குடித்தான்" என்றால் நாம் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த அந்தப் பால். மனிதர் என்றால் 'ஐ' கிட்டத்தட்டக் கட்டாயம்: "பையனைப் பார்த்தேன்". கிட்டத்தட்ட என்று சொல்லக் காரணம் "பெண் பார்த்தார்கள்" என்ற வழக்கு. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்த்தார்கள் என்றால் அது ஒரு சடங்கு. பெண்ணைப் பார்த்தார்கள் என்றால் தெருவில் போன பெண்ணாகவும் இருக்கலாம். மாப்பிள்ளை பார்ப்பதும் ஆள் பிடிப்பதும் இதே வகை. குறிப்பிட்ட ஓர் ஆளாக இல்லாமல் வினையின் பகுதியாகவே அந்தப் பெயர் ஆகிவிட்டால், மனிதராக இருந்தாலும் 'ஐ' விழுந்துவிடுகிறது. ஆகவே முதல் சுற்றில் படர்க்கை, ஒருமை, மனிதர், குறிப்பிட்ட ஆள் என்று எல்லாவற்றையும் நிலையாக வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றாக மாற்றலாம்: மனிதருக்குப் பதில் பொருள், பெயருக்குப் பதில் 'நான்', இறந்தகாலத்துக்குப் பதில் நிகழ்காலம். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று தெரியாமல் போகும்.

காலத்தை மாற்றிப் பார்ப்பது ஏன் முக்கியம் என்று இந்தி காட்டும். "லட்கா ரோட்டீ காதா ஹை", பையன் ரொட்டி தின்கிறான். வினை பையனோடு ஒட்டி ஆண்பாலில் இருக்கிறது. முடிந்துபோன செயலாக்கினால் "லட்கே நே ரோட்டீ காயீ". பையனுக்கு 'நே' வந்துவிட்டது, வினை ரொட்டியோடு ஒட்டிப் பெண்பாலாகிவிட்டது. "லட்கா ஆயா", பையன் வந்தான், இங்கே 'நே' இல்லை. தனியரும் படுபவரும் ஒரு பக்கம், செய்பவர் மறுபக்கம். நிகழ்கால வாக்கியங்களை மட்டும் சேகரித்தவருக்கு இது கண்ணிலேயே படாது. வினைகளையும் ஒன்றிரண்டோடு நிறுத்திவிடக் கூடாது. 'லானா' (கொண்டுவருதல்) குன்றா வினை, ஆனாலும் 'நே' ஏற்காது. 'சீங்க்னா' (தும்முதல்) தனியர் வினை, ஆனாலும் 'நே' ஏற்கும். குறைந்தது பத்துப் பதினைந்து வினைகளையாவது ஓட்டிப் பார்க்காமல் விதி எழுதக் கூடாது என்பது என் கருத்து.

படுபவருக்கும் உருபு கொடுத்துவிட்டால் இந்தி வினை என்ன செய்யும்? "லட்கியோன் நே லட்கீ கோ தேகா", பெண்கள் ஒரு பெண்ணைப் பார்த்தார்கள். வாக்கியத்தில் ஆணே இல்லை, பார்த்தவர்களோ பலர். வினை மட்டும் ஆண்பால் ஒருமை! இருவரும் உருபு ஏற்றுவிட்டதால் வினை ஒட்டிக்கொள்ள ஆளில்லை, இயல்பு வடிவத்துக்குப் போய்விட்டது. இதை நினைவில் வையுங்கள், தமிழில் இதே காட்சி வரப்போகிறது.

பாஸ்க் மொழியில் வேறு விதமான குழி. ஸ்பெயின், பிரான்ஸ் எல்லையில் பேசப்படும் இந்த மொழியில் 'கிசொனா' என்றால் அந்த மனிதர். "கிசொனா எத்தொர்ரி தா", மனிதர் வந்தார். செய்பவரானால் 'க்' ஒட்டும்: கிசொனாக். பன்மைக்கு, அதாவது மனிதர்கள் என்பதற்கு, உருபில்லாத வடிவம் என்ன தெரியுமா? அதுவும் கிசொனாக். "கிசொனாக் இக்குசி தித்துத்" என்றால் நான் மனிதர்களைப் பார்த்தேன். "கிசொனாக் இக்குசி நௌ" என்றால் மனிதர் என்னைப் பார்த்தார். பெயரை மட்டும் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் விடை கிடைக்காது. கடைசித் துணைவினைதான் செய்பவர், படுபவர் இருவரையும் தன்னுள் சொல்லிவிடுகிறது. இப்படிப்பட்ட மொழியில் துணைவினையை விட்டுவிட்டுக் குறிப்பெடுத்தால் அந்தக் குறிப்பால் பயனில்லை.

இந்தியும் பாஸ்க்கும் உருபு அளவில்தான் ஜிர்பல் பக்கம் நிற்கின்றன. "லட்கே நே அப்னீ ரோட்டீ காயீ" என்றால் 'தன்' ரொட்டி, பையனுடையது. 'நே' ஏற்றாலும் 'தன்' யாரைச் சுட்டும் என்பதைப் பையனே தீர்மானிக்கிறான். ஜிர்பலில்தான் வாக்கியத்தை இணைக்கும் வேலையே படுபவர் பக்கம் போயிருக்கிறது. அங்கும்கூட எல்லா வேலையும் போகவில்லை. ஏவல் வினையில் ஆணையைக் கேட்டு நடப்பவர் தனியரோ செய்பவரோதான், தமிழைப் போலவே.

இனி நம் வீட்டுக்கே வருவோம். "எனக்குப் பசிக்கிறது." எழுவாய் எது? பசி என்பது தோன்றா எழுவாய் என்று சிலர் சொல்வார்கள். தோன்றா எழுவாய் என்றால் அதைத் தோற்றுவிக்க முடிய வேண்டும். "எனக்குப் பசி பசிக்கிறது" என்று யாரும் சொல்வதில்லை. "வயிறு பசிக்கிறது" என்று சொல்வதுண்டு. அங்கே வயிறு எழுவாய் என்று விட்டுவிடலாம். ஆனால் "எனக்கு அவனைத் தெரியும்" என்ற வாக்கியத்தில் ஒளிந்துகொள்ளக்கூட யாரும் இல்லை. ஒருவர் 'கு' ஏற்றிருக்கிறார், மற்றவர் 'ஐ' ஏற்றிருக்கிறார், உருபில்லாத பெயரே கிடையாது. "எனக்கு அவளைப் பிடிக்கும்", "எனக்கு உங்களைப் பிடித்தது" என்று யாரைப் போட்டாலும் வினை அஃறிணை ஒருமையில்தான் நிற்கும். இந்தியில் பார்த்த அதே காட்சி. பக்கத்திலேயே "எனக்கு அவன் தெரிகிறான்" என்பதை வைத்துப் பாருங்கள். அதே 'தெரி', ஆனால் இவன் கண்ணுக்குத் தட்டுப்படுகிறான். உருபில்லாத பெயர் வந்ததும் வினை அவனோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

வினை ஒட்டவில்லை என்பதால் 'எனக்கு' எழுவாய் இல்லை என்று முடித்துவிடலாமா? அடுத்த சோதனையைச் செய்யுங்கள். 'தன்' யாரைச் சுட்டுகிறது?

"குமாருக்கு ராஜா தன் வீட்டைக் கொடுத்தான்." வீடு ராஜாவுடையது. குமார் முதலில் வந்தும் பயனில்லை.
"குமாருக்குத் தன் வீடு பிடிக்கும்." வீடு குமாருடையது.

இரண்டிலும் அதே பெயர், அதே 'கு', வாக்கியத்தில் அதே முதலிடம். முதல் குமார் பெறுபவர், அவரால் 'தன்'னைப் பிடித்துக்கொள்ள முடியவில்லை. இரண்டாம் குமார் அனுபவிப்பவர், அவரால் முடிகிறது. இந்த ஒரு ஜோடி போதும், ஒரே உருபுக்குள் இரண்டு வேறு உறவுகள் குடியிருக்கின்றன என்று காட்ட. நான்காம் வேற்றுமைக்குக் கொடை, பகை, நேர்ச்சி, தகவு, அதுவாதல், பொருட்டு, முறை என்று நன்னூல் அடுக்கும் பட்டியலில் பசிப்பவருக்கும் பிடிப்பவருக்கும் தனிப் பெயர் இல்லை. பட்டியலின் கடைசியில் வரும் 'ஆதி' (முதலியன) என்ற சொல்லுக்குள்தான் அவர்கள் அடங்க வேண்டும். சமஸ்கிருதத்தில் பாணினி இதற்குத் தனிச் சூத்திரமே வைத்திருக்கிறார் (1.4.33). சுவைத்தல், பிடித்தல் பொருளுள்ள வினைகளில் மகிழ்பவர் சம்பிரதானம், அதாவது பெறுபவர் வகை. அவர் அங்கே நான்காம் வேற்றுமைக்குக் காரணம் சொல்லிவிட்டார். ஆனால் மேலே உள்ள குமார் ஜோடியைத் தமிழில் பார்க்கும்போது இருவரையும் ஒரே அறையில் போடுவது போதாது என்றே எனக்குப் படுகிறது.

இங்கே போலிச் சோதனைகளிடம் எச்சரிக்கை வேண்டும். "அவனுக்குக் கோபம் வந்து கத்தினான்" என்பது இயல்பாக இருக்கிறது, ஆகவே 'அவனுக்கு'தான் கத்தியவரோடு இணைகிறது என்று வாதிடலாம் போலத் தோன்றும். ஆனால் தமிழ் வினையெச்சம் "மழை பெய்து குளம் நிறைந்தது" என்பதையும் அனுமதிக்கிறது. பெய்தது மழை, நிறைந்தது குளம். காரணம், விளைவு என்றிருந்தால் இருவேறு எழுவாய்களும் செல்லும். எனவே கோபமே 'வந்து'க்கு எழுவாயாக இருந்துவிட்டுப் போகலாம். சோதனை எதையும் நிரூபிக்கவில்லை. "பசிக்க முயன்றேன்" என்று சொல்ல முடியாததையும் சான்றாகக் காட்டுவார்கள். முயற்சி செய்து பசியை வரவழைக்க முடியாது என்பதால்தான் அது ஒட்டவில்லை, எழுவாய் விவகாரத்தால் அல்ல. "உயரமாக இருக்க முயன்றேன்" என்பதும் அதே காரணத்தால் உறுத்தும், அங்கே எழுவாய் தெளிவாக 'நான்'தான். ஒரு வாக்கியம் தவறென்று தோன்றினால், பொருளால் தவறா, அமைப்பால் தவறா என்று பிரிக்க இப்படி ஒரு துணை வாக்கியம் எப்போதும் கையில் இருக்க வேண்டும்.

அண்டை மொழிகளில் சில சோதனைகள் இல்லாமலே போகும். மலையாள வினையில் திணை, பால், எண், இடம் காட்டும் விகுதி இல்லை. பேச்சுச் சிங்களத்திலும் இல்லை. ஆகவே 'வினை யாரோடு ஒட்டுகிறது' என்ற கேள்வியையே அங்கே கேட்க முடியாது. ஆனால் சிங்களம் வேறொன்றைக் காட்டுகிறது. "மம நட்டனவா", நான் ஆடுகிறேன். "மட்ட நெட்டெனவா", எனக்கு ஆட்டம் தானாக வருகிறது, மேளம் கேட்டதும் கால் தன்னால் ஆடுவது போல. 'நான்' 'எனக்கு' ஆகிறது, வினையின் உயிரெழுத்தும் மாறுகிறது. நம் பசியும் பிடிப்பும் சில வினைகளோடு நின்றுவிட, சிங்களம் ஏராளமான வினைகளில் இப்படி விருப்பத்தோடு செய்வதையும் தானாக நேர்வதையும் ஜோடி ஜோடியாக வைத்திருக்கிறது. வட அமெரிக்காவின் லக்கோட்டா இதைத் தனியர் வினைகள் முழுவதிலும் பரப்பிவிட்டது. "வாக்தே" நான் அவனைக் கொன்றேன், "மாக்தே" அவன் என்னைக் கொன்றான். வந்தேன் என்பதற்கு 'வா' ஒட்டு, நோயுற்றேன் என்பதற்கு 'மா' ஒட்டு. வந்தவர் கொன்றவரோடு சேர்கிறார், நோயாளி கொல்லப்பட்டவரோடு சேர்கிறார்.

பிலிப்பைன்ஸின் தகலாக் கேள்வியையே குழப்பிவிடும். அங்கே 'அங்' என்ற குறி வாக்கியத்துக்கு ஒரு பெயரில் விழும். யார் மேல் விழுகிறது என்பதற்கேற்ப வினை வடிவம் மாறும். ஒருவன் மீன் வாங்கினான் என்பதை அவன் மேல் 'அங்' வைத்து 'புமிலி' என்றும், மீன் மேல் 'அங்' வைத்து 'பினிலி' என்றும் சொல்லலாம். 'வாங்கிய மீன்' போன்ற பெயரெச்சத் தொடரை 'அங்' பெயரைக் கொண்டுதான் அமைக்க முடியும். 'தன்' யாரைச் சுட்டும் என்பதையோ, 'அங்' எங்கே இருந்தாலும், செய்பவர் தீர்மானிக்கிறார். பால் ஷாக்டர் 1976இல் இதை அலசி, எழுவாயின் வேலைகள் அங்கே இரண்டு பெயர்களுக்குப் பங்கிடப்பட்டிருக்கின்றன என்று காட்டினார். அதே ஆண்டு, அதே தொகுப்பு நூலில் எட்வர்ட் கீனன் எழுவாய்க்கு ஏறத்தாழ முப்பது பண்புகளைப் பட்டியலிட்டார். எந்தப் பெயர் அவற்றில் அதிகம் பெறுகிறதோ அதுவே எழுவாய் என்பது அவர் வழி. கூட்டிப் பார்ப்பதைவிட, எந்தப் பண்பு யாருக்குப் போனது என்று பிரித்து எழுதி வைப்பதே பயன் தரும் என்று நினைக்கிறேன்; கூட்டல் கணக்கில் தகலாக்கின் பங்கீடு மறைந்துபோகும்.

நம் 'எனக்கு'வுக்கு மிக நெருங்கிய சொந்தம் இருப்பது ஐஸ்லாந்தில். "ம்யேர் எர் கால்ட்", எனக்குக் குளிர்கிறது. ஜெர்மனில் "மிர் இஸ்ட் கால்ட்". சொல்லுக்குச் சொல் ஒன்றுதான். ஆனால் 1985இல் சேனன், மேலிங், த்ராயின்சன் மூவரும் சோதனைகளை வரிசையாக ஓட்டியபோது, ஐஸ்லாந்து மொழியின் 'எனக்கு' எழுவாயின் தேர்வுகளில் தேறியது, ஜெர்மனின் 'எனக்கு' தேறவில்லை. ஐஸ்லாந்தில் 'மிக் வன்டார் பேனிங்கா' (எனக்குப் பணம் தேவைப்படுகிறது, சொல்படி 'என்னை') என்பதைக் கேள்வியாக்கினால் 'மிக்' வினைக்கு அடுத்து, எழுவாய் நிற்க வேண்டிய அதே இடத்தில் போய் நிற்கும். "பணத்தட்டுப்பாடு வராது என்று நம்புகிறேன்" என்பதை எச்சமாக்கும்போது எழுவாய் மறைவது போலவே அந்த 'மிக்'கும் மறைந்துவிடும்.

அங்கே ஆசைப்படுவதைச் சொல்லும் 'லௌங்கார்' வினைக்கும் இலக்கணப்படி 'மிக்'தான், 'என்னை'. பலர் பேச்சில் அது 'ம்யேர்', 'எனக்கு', ஆகிக்கொண்டிருக்கிறது. பள்ளிக்கூடங்கள் இதற்கு 'நான்காம் வேற்றுமை நோய்' என்று பெயர் வைத்துத் திருத்துகின்றன. இரண்டாம் வேற்றுமை போய் நான்காம் வேற்றுமை வந்தவர்களின் பேச்சிலும் கேள்வியில் அந்தப் பெயர் நிற்பது அதே இடத்தில்தான், 'தன்' அதையேதான் சுட்டுகிறது, வினை அதோடு ஒட்டாமல் படர்க்கை ஒருமையிலேயே இருக்கிறது.